‘ஃபைனல்_புதுசு_2’ எந்த ஃபோல்டரில் இருக்கிறது?

அலுவலகக் கம்ப்யூட்டர் – வாசகர் கேள்வி பதில்

பொதுச் சர்வரில் ஃபைல் தேடி அலுத்தவர்களின் கேள்விகளே இந்த முறை அதிகம் வந்தன. ஒரே பிரச்சினையைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி எங்களுடையது. 6 பேராக இருந்தோம், இப்போது 45 பேர். சர்வரைத் திறந்தால் ஆள் பெயரில் ஃபோல்டர், ‘நியூ ஃபோல்டர் 3’, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் ஃபைனல்’. ஒரே ஸ்டைலின் காஸ்டிங் ஷீட் நாலு இடத்தில் நாலு விதமாகக் கிடக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், திருப்பூர்

முதலில் ஆள் பெயரில் ஃபோல்டர் போடுவதை நிறுத்துங்கள். மெர்ச்சண்டைசர் (ஆர்டரைக் கவனிப்பவர்) வேறு கம்பெனிக்குப் போய்விடுவார், ஆர்டர் உங்களிடம்தான் இருக்கும். டிபார்ட்மெண்ட் வாரியாகப் பிரித்தாலும் எக்ஸ்போர்ட்டுக்கு ஒத்துவராது. டெக் பேக் (டிசைன், அளவு விவரத் தொகுப்பு) மெர்ச்சண்டைசிங்கில், ட்ரிம்ஸ் (பட்டன், லேபிள் போன்றவை) பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) பர்ச்சேஸில், இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் தரச் சோதனைக்கான க்யூ.சி.யில், பேக்கிங் லிஸ்ட் டாக்குமெண்டேஷனில் என்று ஒரே ஆர்டர் சிதறிப்போகும். பையர் ஒரு கேள்வி கேட்டால் நாலு இடம் ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

மேல்மட்டத்தில் யார் எதைப் பார்க்கலாம் என்பதை வைத்துப் பிரியுங்கள். அதற்குக் கீழே வேலையை வைத்துப் பிரியுங்கள். உங்கள் அளவுக்கு மேல்மட்டத்தில் ஆறு ஃபோல்டர் தாராளம்: ஆர்டர்கள், கணக்கு, ஹெச்.ஆர்., நிர்வாகம், பொது (படிவங்கள், பையர் மேனுவல்கள், லெட்டர்ஹெட்), பழையவை. இந்த மட்டத்தில் புது ஃபோல்டர் போடும் உரிமை இரண்டே பேரிடம் இருக்கட்டும். மற்றவர்களுக்கு அந்த உரிமை இருந்தால் மூன்றே மாதத்தில் பழைய கதை திரும்பிவிடும்.

‘ஆர்டர்கள்’ ஃபோல்டருக்குள் பையர் பெயர், அதற்குள் ஆர்டர். ஆர்டருக்கு உங்கள் கம்பெனியே கொடுக்கும் எண் முன்னால் வர வேண்டும். பையரின் ஸ்டைல் நம்பரை மட்டும் நம்பாதீர்கள். ரிபீட் ஆர்டரில் அதே நம்பர் திரும்ப வரும். சில பையர்களின் நம்பரில் சாய்கோடும் இருக்கும். ஃபைல் பெயரில் விண்டோஸ் ஏற்காத 9 குறிகளில் சாய்கோடு ஒன்று. ஆளாளுக்கு அதை இடைக்கோடு, புள்ளி, வெற்றிடம் என்று மாற்றிப் போட்டால் தேடலில் எதுவும் கிடைக்காது.

நிதியாண்டு வாரியாக ஆர்டரைப் பிரிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். பிப்ரவரியில் வந்த ஆர்டர் மே மாதம் ஷிப் ஆகும், ஃபோல்டர் இரண்டு ஆண்டுக்கும் நடுவில் கிழிந்துவிடும். நிதியாண்டுப் பிரிவு கணக்கு ஃபோல்டரோடு நிற்கட்டும்.

ஒவ்வொரு ஆர்டருக்குள்ளும் ஒரே மாதிரி ஆறு உள் ஃபோல்டர்கள்:

01 பையர் அனுப்பியது
02 காஸ்டிங்
03 சாம்பிள்
04 நூல், துணி, ட்ரிம்ஸ்
05 உற்பத்தி, தரம்
06 ஷிப்மெண்ட்

இவை காலியாக உள்ள ஒரு ‘மாதிரி’ ஃபோல்டரைத் தயாராக வைத்துக்கொண்டு, ஆர்டர் உறுதியானதும் காப்பி எடுத்துப் பெயர் மாற்றினால் போதும். எண்ணை 1, 2 என்று போடாமல் 01, 02 என்று போடுங்கள். சில மென்பொருள்கள் 1-க்கு அடுத்து 10-ஐக் கொண்டுவந்து நிறுத்தும். ‘01’-ல் இருக்கும் டெக் பேக், ஆர்ட்வொர்க், பி.ஓ. எதையும் யாரும் திருத்தக் கூடாது. பையர் திருத்தி அனுப்பினால் அது புது ஃபைலாக, வந்த தேதியோடு பக்கத்தில் உட்காரட்டும். அளவுச் சார்ட்டில் அரை சென்டிமீட்டர் எப்போது மாறியது என்ற தகராறு வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தத் தேதிதான்.

ஃபைல் பெயருக்கு ஒரே வடிவம்: ‘2417_காஸ்டிங்_2025-06-14_வி02’. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி போட்டால் பெயர் வரிசையே தேதி வரிசையாகிவிடும். 14-06-2025 என்று போட்டால் எல்லா மாதத்துப் பதினான்காம் தேதிகளும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். ‘ஃபைனல்’ என்ற சொல்லுக்குத் தடை போடுங்கள். வெளியே போன பதிப்பைத் தொடக் கூடாது. வி02 பையருக்குப் போய்விட்டால், அதன்பின் ஒரு பைசா மாறினாலும் அது வி03. அனுப்பியதன் பிடிஎஃப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பழைய பதிப்புகளை ஒரு ‘பழையது’ உள் ஃபோல்டருக்கு ஒதுக்கிவிட்டால், திறந்தவுடன் கண்ணில் படுவது நடப்புப் பதிப்பு மட்டுமே.

பாதை நீளத்தையும் கவனியுங்கள். டிரைவ் எழுத்து, எல்லா ஃபோல்டர் பெயர், ஃபைல் பெயர் அத்தனையும் சேர்த்து 260 எழுத்து என்பது விண்டோஸின் பழைய வரம்பு. விண்டோஸ் 10-ல் இதைத் தளர்த்த வழி வந்துவிட்டது, ஆனால் எக்ஸ்புளோரரும் பல மென்பொருள்களும் இன்னும் இங்கேதான் இடறுகின்றன. ஊழியரின் கம்ப்யூட்டரில் ‘இசட்’ டிரைவ் என்று மூன்றே எழுத்தில் தொடங்கும் பாதை, சர்வரில் டிரைவ், டேட்டா, ஷேர் என்று நாற்பது எழுத்து தாண்டித் தொடங்கும். ஊழியரால் சேமிக்க முடியும். சர்வரில் ஓடும் பேக்கப் மென்பொருளால் அதை எடுக்க முடியாமல் போகலாம். பிழை பதிவேட்டில் மட்டும் இருக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். நாலைந்து மட்டத்துக்கு மேல் உள்ளே போகாதீர்கள். ஃபோல்டர் பெயரில் இருப்பதை ஃபைல் பெயரில் வாக்கியமாகத் திரும்ப எழுதாதீர்கள், ஆர்டர் எண் மட்டும் போதும்.

இனி மாற்றும் வேலை. பழையது முழுவதையும் ஒழுங்குபடுத்திவிட்டுப் புதிதைத் தொடங்கலாம் என்று நினைத்தால் ஒருநாளும் தொடங்க மாட்டீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய ஃபோல்டர்கள் அத்தனையையும் ‘பழைய சர்வர்’ என்ற ஒரே ஃபோல்டருக்குள் தள்ளி, படிக்க மட்டும் அனுமதி கொடுத்துப் பூட்டுங்கள். எக்ஸெலில் ஒரு ஷீட்டுக்கு இன்னொன்றோடு லிங்க் இருந்தால் அது இங்கே அறுந்துபோகும். எவை என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஷிப் ஆகாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டர்களை மட்டும் அந்தந்த மெர்ச்சண்டைசரே புது அமைப்புக்கு எடுத்து வரட்டும், கட் செய்யாமல் காப்பி எடுத்து. மற்றதெல்லாம் கிடக்கட்டும். தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம், பாதிக்கு மேல் யாருக்கும் தேவைப்படாது.

கேள்வி: ‘நிர்வாகம்’ ஃபோல்டரில் இருந்த சம்பளப் பட்டியலை ஹெச்.ஆர். ஃபோல்டருக்கு மாற்றினோம். ஹெச்.ஆர். பெண்ணால் திறக்க முடியவில்லை. எதிர்ப்பக்கமாக, ‘பொது’விலிருந்து கணக்கு ஃபோல்டருக்கு மாற்றிய ஒரு ஃபைலை எல்லோராலும் படிக்க முடிகிறது. அனுமதி சரியாகத்தான் கொடுத்திருக்கிறோம்.
– வாசகர், அம்பத்தூர்

ஃபோல்டருக்குக் கொடுத்தது சரியாக இருக்கும். ஃபைல் வேறு அனுமதியோடு வந்து உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸில் ஒரே டிரைவுக்குள் கட் செய்து பேஸ்ட் செய்தால் ஃபைல் பழைய இடத்து அனுமதியையே தூக்கிக்கொண்டு வரும். காப்பி செய்தால், அல்லது வேறு டிரைவுக்கு மாற்றினால், புது இடத்து அனுமதியை ஏற்கும். அதனால்தான் நிர்வாகத்திலிருந்து வந்தது பூட்டியே இருக்கிறது, பொதுவிலிருந்து கணக்குக்கு வந்தது திறந்தே கிடக்கிறது. கணக்கு ஃபோல்டரின் செக்யூரிட்டி டேபில் அட்வான்ஸ்டு போய், உள்ளே உள்ள அனைத்தின் அனுமதியையும் மேலிருந்து வருவதாக மாற்றும் கட்டத்தை டிக் செய்து அப்ளை கொடுங்கள். ஹெச்.ஆர்.க்கும் அப்படியே. உள்ளே ஏதாவது ஒரு ஃபோல்டருக்கு வேண்டுமென்றே தனி அனுமதி வைத்திருந்தால் அதுவும் அழிந்துவிடும் என்பதால் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

நெட்வொர்க்கில் பகிரும்போது வைக்கும் ஷேர் அனுமதி ஒன்று, டிரைவில் ஃபைல், ஃபோல்டருக்கே வைக்கும் என்டிஎஃப்எஸ் அனுமதி (செக்யூரிட்டி டேபில் இருப்பது) ஒன்று என இரண்டு இருக்கின்றன. நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். இரண்டிலும் கை வைத்தால் எங்கே தடுக்கிறது என்று கண்டுபிடிப்பதே ஒரு நாள் வேலை. ஷேர் பக்கம் ஊழியர்கள் எல்லோருக்கும் ‘சேஞ்ச்’ கொடுத்துவிட்டு, உண்மையான கட்டுப்பாட்டை என்டிஎஃப்எஸ் பக்கம் மட்டும் வையுங்கள். அங்கேயும் ‘ஃபுல் கன்ட்ரோல்’ தேவையில்லை, ‘மாடிஃபை’ போதும். ஃபுல் கன்ட்ரோல் உள்ளவர் மற்றவர்களின் அனுமதியையே மாற்றிவிடலாம்.

தனி ஆள் பெயரில் அனுமதி கொடுக்காதீர்கள். ‘கணக்கு-எழுத’, ‘கணக்கு-படிக்க’ என்று குழு வைத்து, ஆளைக் குழுவில் சேருங்கள், வேலை மாறினால் நீக்குங்கள். குழுவில் சேர்த்தபின் அவர் லாக்-ஆஃப் செய்து மறுபடி உள்ளே வந்தால்தான் அனுமதி கிடைக்கும். ‘சேர்த்தாச்சு, வரலையே’ என்று வரும் போன்களில் முக்கால்வாசி இதுதான். ‘டினை’ கட்டத்தைத் தொடவே வேண்டாம். இரண்டு குழுவில் இருப்பவருக்கு ஒன்றில் டினை இருந்தாலும் அதுவே ஜெயிக்கும், பிறகு காரணம் யாருக்கும் புரியாது.

கேள்வி: தனியாகச் சர்வர் வாங்கவில்லை. ஒரு நல்ல டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 11 ப்ரோ போட்டு ஃபோல்டரை ஷேர் செய்திருக்கிறோம். காலை பத்து மணிக்கு மேல் சிலருக்குத் திறப்பதில்லை. நெட்வொர்க் கேபிளை மாற்றியும் சரியாகவில்லை.
– வாசகர், மதுரை

கேபிள் மேல் தப்பில்லை. சர்வர் அல்லாத விண்டோஸ் ஒரே நேரத்தில் 20 இணைப்புகளுக்கு மேல் ஏற்காது. இருபத்தோராவது ஆள் வரும்போது பிழை வரும், யாராவது கம்ப்யூட்டரை அணைத்தால் தானாகச் சரியாகும். நெட்வொர்க் ஸ்கேனரும் அந்தக் கணக்கில் ஓர் இடம் பிடிக்கும். இரண்டு டிஸ்க் உள்ள ஒரு நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் நேராக இணைக்கும் சேமிப்புப் பெட்டி) உங்களுக்குப் போதும்.

கேள்வி: பம்ப் தயாரிக்கிறோம். டிசைன் ஃபோல்டர்களை மாடல் வாரியாக மாற்றி அடுக்கினோம். இப்போது அசெம்பிளியைத் திறந்தால் பாதி பார்ட் காணவில்லை என்கிறது. ஒரு அசெம்பிளியில் வேறு மாடலின் கவர் வந்து உட்கார்ந்திருக்கிறது!
– வாசகர், கோவை

பழைய அடுக்கின் பேக்கப் இருந்தால் அதை முதலில் திரும்பக் கொண்டுவாருங்கள். கேட் ஃபைல்கள் (கம்ப்யூட்டரில் வரையும் டிசைன்கள்) தனித்தனி ஃபைல்கள் அல்ல. சாலிட்வொர்க்ஸ் என்ற டிசைன் மென்பொருளின் அசெம்பிளிக்குள் (பல பார்ட்டுகளைச் சேர்த்த ஃபைல்) பார்ட்டின் உருவம் முழுதாக இருக்காது, பார்ட் எங்கே இருக்கிறது என்ற பாதைதான் இருக்கும். எக்ஸ்புளோரரில் இழுத்துப் போட்டாலோ பெயர் மாற்றினாலோ அந்தத் தொடர்பு அறுந்துவிடும்.

இரண்டாவது பிரச்சினைதான் ஆபத்தானது. பார்ட்டைத் தேடும்போது சாலிட்வொர்க்ஸ் பெயரைத்தான் பார்க்கும். அதே பெயரில் ஒரு பார்ட் ஏற்கெனவே திரையில் திறந்திருந்தால் பாதை எதுவானாலும் அதையே எடுத்துக்கொள்ளும். எல்லா மாடல் ஃபோல்டரிலும் ‘கவர்’, ‘ஷாஃப்ட்’, ‘இம்பெல்லர்’ என்று ஒரே பெயர் இருந்தால் இது நடந்தே தீரும். பார்ட் நம்பரே ஃபைல் பெயர். ஒரு பெயர் கம்பெனி முழுவதிலும் ஒரே ஒரு முறைதான் வரலாம். பெயர் மாற்றுவதை சாலிட்வொர்க்ஸின் சொந்த ரீநேம் வசதி வழியாகவும், அசெம்பிளியை இடம் மாற்றுவதை ‘பேக் அண்ட் கோ’ வழியாகவும் செய்யுங்கள். பல மாடலுக்குப் பொதுவான போல்ட், பேரிங், மெக்கானிக்கல் சீல் எல்லாம் மாடல் ஃபோல்டருக்குள் இருக்கக் கூடாது, ‘பொதுப் பார்ட்’ என்று ஒரே இடம், டிசைனர்களுக்குப் படிக்க மட்டும்.

ஆட்டோகேட்டில் எக்ஸ்ரெஃப் (வேறு வரைபட ஃபைலை இணைத்திருப்பது) வைத்திருந்தால் ‘ரிலேட்டிவ்’ பாதையாக (வரைபடம் இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடுவது) இருக்கிறதா என்று பாருங்கள். 2018 பதிப்பிலிருந்து அதுதான் இயல்பு. அதற்கு முன் வரைந்தவற்றில் முழுப் பாதை இருக்க வாய்ப்பு அதிகம்.

ரிவிஷன் எழுத்தைக் கேட் ஃபைலின் பெயரில் போடாதீர்கள். ஏ, பி ஆகும்போதெல்லாம் பெயர் மாறும், தொடர்பு அறும். ரிவிஷன், வரைபடத்துக்குள் இருக்கும் டைட்டில் பிளாக்கில் (தலைப்பு விவரக் கட்டம்) இருக்கட்டும். ஷாப் ஃப்ளோருக்கும் பவுண்டரிக்கும் போகும் பிடிஎஃப்பின் பெயரில் மட்டும் ரிவிஷன் வரட்டும். ‘வெளியிட்டது’ என்று ஒரு ஃபோல்டர் வைத்து, அதில் ஒவ்வொரு பார்ட்டுக்கும் நடப்பு ரிவிஷன் பிடிஎஃப் ஒன்று மட்டுமே இருக்க வேண்டும். பி வந்தவுடன் ஏ அங்கிருந்து அகற்றப்பட வேண்டும். மெஷின் ஷாப்புக்கு அந்த ஒரு ஃபோல்டர் மட்டும்தான் தெரிய வேண்டும். பழைய ரிவிஷனுக்குப் பேட்டர்ன் (வார்ப்பு மாதிரி) அடித்து ஒரு லாட் வார்த்துவிட்டால் திருத்த வழியில்லை, உருக்கத்தான் வேண்டும்.

கேள்வி: ஃபைல் பெயரைத் தமிழில் வைக்கலாமா? எங்கள் பிரஸ்ஸில் சிலர் வைக்கிறார்கள், ஆனால் தேடினால் சில சமயம் வருவதில்லை.
– வாசகர், சிவகாசி

வைக்கலாம், யூனிகோடில் மட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பெயர் எக்ஸ்புளோரரில் ஆங்கில எழுத்துக் கூளமாகத்தான் தெரியும்.

யூனிகோடிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. விண்டோஸுக்கு அவை வெவ்வேறு பெயர். ஒரே ஃபோல்டரில் ‘கொடி காலண்டர்’ என்று இரண்டு ஃபைல் அருகருகே நிற்பதைப் பார்த்தால் காரணம் இதுதான். தேடலிலும் ஒன்று வரும், மற்றது வராது. எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே தட்டச்சுக் கருவியை நிறுவினால் பெரும்பாலும் தீரும்.

நீளமும் நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும். ‘கோப்பு’ கண்ணுக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கு உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனி என்பதால் 6 குறியீடு. லினக்ஸ் அடிப்படையில் ஓடும் நாஸ் பெட்டிகளில் பெயருக்கு 255 பைட்தான் வரம்பு. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 85 குறியீடு. விண்டோஸில் சேமித்த நீளமான தமிழ்ப் பெயர் நாஸுக்குக் காப்பி ஆகாமல் நிற்பது இதனால்தான்.

ஜாப் நம்பர் முன்னால், பிறகு இரண்டு மூன்று தமிழ்ச் சொல், அவ்வளவு போதும். சி.டி.பி.க்கு (அச்சுப் பிளேட் எடுக்கும் மெஷின்) போகும் பிடிஎஃப்புக்கு மட்டும் எண்ணும் ஆங்கில எழுத்தும். பழைய பிளேட் மென்பொருளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

கேள்வி: ஒரு முழு ஃபோல்டரையே காணோம். ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. இரண்டு டிஸ்க்கில் ஒரே சமயம் எழுதும் ரெய்டு போட்டிருக்கிறோம், கூகுள் டிரைவிலும் சிங்க் ஆகிறது. மீட்க முடியுமா?
– வாசகர், ஈரோடு

முதலில் அந்தப் பெயரைச் சர்வர் முழுவதும் தேடுங்கள். காணாமல்போன ஃபோல்டர் பெரும்பாலும் அழிந்திருக்காது. யாரோ மவுஸை அழுத்தியபடி நகர்த்தியதில் பக்கத்து ஃபோல்டருக்குள் விழுந்திருக்கும்.

அங்கே இல்லையென்றால், நெட்வொர்க் டிரைவில் அழித்தது ஊழியரின் ரீசைக்கிள் பின்னுக்கு வராது, நேராகப் போய்விடும். நாஸில் அதற்கென்று ஒரு ரீசைக்கிள் பின் உண்டு, ஷேருக்கு ஷேர் இயக்கி வைத்திருக்க வேண்டும். விண்டோஸ் சர்வராக இருந்தால் மேல் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ‘ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்’ பாருங்கள். ஷேடோ காப்பி (ஃபைல்களின் நிலையைக் குறித்த நேரத்தில் சேமித்து வைக்கும் வசதி) இயக்கியிருந்தால் வேலைநாட்களில் காலை 7 மணி, பகல் 12 மணி நிலைகள் இருக்கும். அதுதான் அதன் இயல்பு நேரம். கூகுளில் குப்பைத் தொட்டி 30 நாள் வைத்திருக்கும்.

ரெய்டு, டிஸ்க் பழுதுக்கான காப்பு மட்டுமே. நீங்கள் அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழிக்கும். சிங்க்கும் அப்படியே, அழித்ததையும் விசுவாசமாகச் சிங்க் செய்யும். ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தால் அந்தக் கம்ப்யூட்டருக்கு எழுத அனுமதி உள்ள ஷேர் அத்தனையும் பூட்டப்படும். 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை ரான்சம்வேர், அதற்கு இரண்டு மாதம் முன்பே மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட திருத்தத்தைப் போடாத கம்ப்யூட்டர்கள் வழியாகத்தான் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. நிரந்தரமாகச் செருகியே இருக்கும் யுஎஸ்பி டிஸ்க்கும் தப்பாது.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று கட்டடத்துக்கு வெளியே என்பது பழைய கணக்கு, இன்றும் மாற்றத் தேவையில்லை. இரண்டு யுஎஸ்பி டிஸ்க் வாங்கி வாரம் ஒன்றாக மாற்றுங்கள். செருகாதது முதலாளி வீட்டு அலமாரியில் இருக்கட்டும். விண்டோஸின் காப்பி கட்டளையான ரோபோகாப்பியில் தானியங்கி பேக்கப் எழுதுபவர்கள் ‘மிர்’ என்ற குறியை யோசித்துப் போடுங்கள். மூலத்தில் இல்லாததை அது பிரதியிலும் அழிக்கும். மாதம் ஒரு முறை பேக்கப்பிலிருந்து ஒரு ஃபோல்டரை வேறு இடத்தில் மீட்டு, ஃபைலைத் திறந்து பாருங்கள். டேலியின் ஓடும் டேட்டாவை சிங்க் ஃபோல்டருக்குள் வைக்கவே கூடாது. பாதி எழுதிய நிலையில் சிங்க் எடுத்துக்கொண்டால் டேட்டா கெட்டுப்போகும். கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் கணக்கின் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டிருக்கிறது. உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

கேள்வி: வேலையை விட்டுப் போனவரின் சொந்த ஜிமெயிலில்தான் எங்கள் ரேட் லிஸ்ட், கஸ்டமர் லிஸ்ட் எல்லாம். எங்களுக்கு ஷேர் மட்டும் செய்திருக்கிறார்.
– வாசகர், சேலம்

அவர் அழித்தால் உங்களுக்கும் போச்சு. இன்றே ஒவ்வொன்றையும் திறந்து ‘மேக் எ காப்பி’ எடுத்துக் கம்பெனி கணக்கில் வையுங்கள். பழைய பதிப்புகளின் வரலாறு காப்பியில் வராது, ஃபைல் வரும். இனிமேல் கூகுள் ஒர்க்ஸ்பேஸின் ‘ஷேர்டு டிரைவ்’ பயன்படுத்துங்கள். அதில் ஃபைலின் உரிமை ஆளுக்கு இல்லை, நிறுவனத்துக்கு. ஊழியர்களுக்கு ‘கான்ட்ரிபியூட்டர்’ கொடுத்தால் எழுதலாம், இடம் மாற்றவோ அழிக்கவோ முடியாது. ஒர்க்ஸ்பேஸ் கணக்கு உள்ளவர் விலகினால், டேட்டாவை இன்னொருவருக்கு மாற்றிய பிறகே கணக்கை அழியுங்கள். அவசரப்பட்டு அழித்திருந்தால் 20 நாளுக்குள் மீட்கலாம்.

கேள்வி: பழைய ஃபைல்களை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும்? டிஸ்க் நிரம்பிவிட்டது.
– வாசகர், ஓசூர்

கம்பெனிகள் சட்டம் 2013-ன் 128-வது பிரிவுப்படி கணக்குப் புத்தகங்களும் அவற்றுக்கான வவுச்சர்களும் 8 நிதியாண்டுகள். ஜிஎஸ்டியில் ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். 2023-24க்கான கடைசித் தேதி 2024 டிசம்பர் 31 என்பதால் அந்த ஆண்டு இன்வாய்ஸ்களை 2030 டிசம்பர் 31 வரை தொடாதீர்கள். அப்பீல் நடந்தால் அது முடிந்து ஓர் ஆண்டு, அல்லது அந்த 72 மாதம், இரண்டில் எது பிந்தியதோ அதுவரை.

டிஸ்க்கை நிரப்புவது கணக்கு ஃபைல்களாக இருக்காது. அளவு வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள்: ஃபங்ஷன் வீடியோ, மொபைல் பேக்கப், ஒரே சாஃப்ட்வேர் இன்ஸ்டாலரின் ஆறு பிரதி. அவற்றை அழித்த பிறகும் இடம் போதாவிட்டால் முடிந்த நிதியாண்டுகளைப் ‘பழையவை’க்கு நகர்த்தி, படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். நகர்த்தும் முன் அந்த ஆண்டின் லெட்ஜர், டே புக், ட்ரையல் பேலன்ஸ் மூன்றையும் பிடிஎஃப்பாக எடுத்து அதே ஃபோல்டரில் வையுங்கள். ஏழு வருடம் கழித்து அந்த டேட்டாவைத் திறக்கும் பதிப்பு கையில் இல்லாமல் போகலாம், பிடிஎஃப் திறக்கும்.